சைவ வீட்டில் மூளைப் புழு எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். பன்றிக்கறியைக் கண்ணால்கூடப் பார்க்காதவனுக்கு எப்படி வந்தது? கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்கட்டிக்குக் காரணம் அந்தப் புழுவின் முட்டை. அது பன்றியிடமிருந்து வருவதில்லை. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வருகிறது. கழிவுநீர் பாய்ந்த கொத்தமல்லி, கழிப்பறை போய்விட்டுக் கழுவாமல் சட்னி அரைத்த கை, இரண்டில் ஒன்று போதும். உங்கள் சமையலறைச் சைவம் இதைத் தடுக்காது.

முட்டை பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு மூளைக்குப் போய் நீர்க்கட்டியாகத் தங்குகிறது. உயிரோடு இருக்கும்வரை நம் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சாகத் தொடங்கும்போதுதான் வம்பு. எதிர்ப்பு செல்கள் மொய்க்கும், சுற்றிலும் வீங்கும், வலிப்பு வரும்.

கடை மாத்திரை கூடாது என்பது இதனால்தான். 400 மி.கி. அல்பெண்டசோல் ஒரே ஒரு வேளை என்பது குடல் பூச்சிக்கான அளவு. மூளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் தினமும்; 50 கிலோ என்றால் சுமார் 750 மி.கி., இரண்டு வேளையாக, ஓரிரு கட்டிக்குப் பொதுவாக 10 முதல் 14 நாள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். புழு சாகச் சாக வீக்கம் கூடும் என்பதால், அதை அடக்கும் ஸ்டீராய்டை முன்கூட்டியே தொடங்குவார்கள். கண்ணுக்குள் கட்டி இருந்தால் அங்கே வரும் வீக்கம் பார்வையையே கெடுக்கும்; அதனால் கண் பரிசோதனை முதலில். காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் இதே வளையமாகத் தெரியலாம், அதையும் விலக்கியாக வேண்டும்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். கையில் இரும்புச் சாவி கொடுப்பது வீண்வேலை. வீட்டில் எல்லோரும், சமைப்பவர் உட்பட, மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரையை ஓடும் நீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவினால் முட்டை குறையும், வேகவைத்தால்தான் சாகும். மஞ்சள் தண்ணீரை நம்பாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். நோயே வயிற்றில்தான் தொடங்குகிறதாமே, புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா மருந்து) வாங்கலாமா?
— வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வருவது உண்மை. சிலருக்காவது குடலிலிருந்து நரம்பு வழியே நோய் மூளைக்கு ஏறலாம் என்று ஜெர்மனியின் மூளை ஆய்வாளர் ஹைக்கோ பிராக் 2003-இல் முன்வைத்தார். அது இன்னும் கருதுகோள்தான். புரோபயாட்டிக் மலச்சிக்கலை ஓரளவு இளக்கலாம், நோயை நிறுத்தாது. காசை அதில் கொட்டுவதைவிட, பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையின் நேரத்தைக் கவனியுங்கள்: சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, குமட்டினால் ஒரு பிஸ்கட்டோடு. பருப்பு, முட்டை, தயிரின் புரதம் மாத்திரையோடு உள்ளே போகப் போட்டி போடும். குடலில் வாழும் என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் மருந்தில் ஒரு பங்கை வழியிலேயே மாற்றிவிடுகிறது. மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

கேள்வி: பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஊசி அவசியமா?
— வாசகி, விருத்தாசலம்

பதில்: அவசியம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வயல் நீரில் வளர்வது. வைரஸைப் பெருக்குபவை பன்றியும் கொக்கும். முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்.