குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலை போய்விடும் என்கிறார்களே, உண்மையா? அதில் ஏன் இவ்வளவு அரசியல்?

கேள்வி கேட்டவர் யாரோடோ மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "ஏத்தினா ஆளைக் குறைச்சுடுவான்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "லாபத்திலிருந்து கொடுக்கட்டுமே, குறைஞ்சா போயிடுவான்?" என்று இன்னொருவர் குதித்திருப்பார். நடுவில் மாட்டிக்கொண்ட நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள். அப்படி இல்லாமல் தேர்வுக்குப் படிப்பவர் என்றால் மன்னிக்கவும், இந்தப் பதிலுக்கு மதிப்பெண் கிடைக்காது.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஒரு சிறிய பேக்கிங் கூடத்தில் பதினோரு வருடம் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் எழுதியவன். மொத்தம் நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. நான் இருந்த காலத்தில் மூன்று முறை குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது. மூன்று முறையும் பட்டியலைத் திருத்தி எழுதியது இந்தக் கைதான்.

எங்கள் கூடத்தில் யாருக்கும் வேலை போகவில்லை. வேறு சிலது போயின. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் உயர்வு சின்னது, யாரும் கவனிக்கவே இல்லை. இரண்டாவதுதான் வினை. பல வருடம் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு, தேர்தல் நெருங்கும்போது ஒரே தாவலாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்றினார்கள். அறிவிப்பு வந்த மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "பத்துப் பேரைக் குறைச்சா எவ்வளவு மிச்சம், கணக்குப் போட்டுக் கொண்டுவா" என்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூன்று விதமாகப் போட்டேன். பத்துப் பேரைக் குறைக்கவே முடியாது என்று கணக்கு சொன்னது. பெல்ட்டில் ஒருவர் எடை பார்க்க வேண்டும், ஒருவர் டேப் ஒட்ட வேண்டும், ஒருவர் லேபிள், இரண்டு பேர் அடுக்க. ஒரு இடம் காலியானால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், சரக்கு நேரத்துக்குப் போகாது. ஆளைக் குறைத்து மிச்சம் பிடிப்பதைவிட தாமத அபராதம் அதிகமாக இருந்தது.

அதனால் வேறு வழிகளில் கை வைத்தோம். ஆம், "வைத்தோம்"தான். யோசனையில் பாதி என்னுடையது. முதலில் ஓவர்டைம் நின்றது. மாதம் முழுக்க விடுப்பு எடுக்காதவர்களுக்குக் கொடுத்துவந்த ஊக்கத்தொகையை "அடிப்படை ஊதியத்தோடு சேர்த்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதி நிறுத்தினோம். இடைவேளைக் கால் மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்று ஆனது. ஏழெட்டுப் பேரை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மாற்றினோம். தலை எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. எவராவது ஆய்வாளர் வந்து "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்" என்று கேட்டிருந்தால், உயர்வால் பாதிப்பே இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். மணிக்கணக்கைக் கேட்டிருந்தால்தான் வேறு கதை.

மாதக் கடைசியில் ஒரு அக்கா சம்பளக் கவரைப் பிரித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "ஏத்திட்டாங்கன்னு சொன்னாங்களே தம்பி, கைக்கு வர்றது முன்ன மாதிரியே இருக்கே?" மணி நேரம் குறைந்ததை விளக்கினேன், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அதே காசுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வீட்டுக்குப் போறேன். நல்லதுதானே?" என்றார். மூன்று விதமாகக் கணக்குப் போட்டவனுக்கு இந்த நாலாவது விதம் தோன்றவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஓவர்டைமை நம்பிக் கடன் வாங்கியிருந்த ஒருவர் சாயங்காலத்துக்கு இன்னொரு வேலை தேடிக்கொண்டார். ஒரே உயர்வு ஒருவருக்கு ஓய்வாகவும் இன்னொருவருக்கு இரட்டை வேலையாகவும் போனது.

நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கள்ளக்கணக்கு எழுதுகிறவன் ஆவேன். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். புதிதாக வருகிறவருக்கு வேலை பிடிபட மூன்று வாரமாவது ஆகும், அதற்குள் உடைப்பு, தப்பு லேபிள், திரும்பி வரும் சரக்கு. இரண்டாவது உயர்வுக்குப் பிறகு "புதியவர்" என்ற பத்தியில் நான் பெயர் எழுதுவதே அரிதாகிவிட்டது. அந்த மிச்சம் எவ்வளவு என்று முதலாளி என்னிடம் கேட்கவே இல்லை. நானாகவும் போய்ச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

அப்போது நான் சேர்ந்து ஒன்பது வருடம். என் சம்பளம் பழைய குறைந்தபட்சத்தைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் ஒன்பது வருட இன்கிரிமென்ட். புதிய குறைந்தபட்சம் என்னைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது. சட்டப்படி என்னையும் அந்தக் கோட்டுக்கு இழுத்துவிட்டார்கள். அதாவது எனக்கும் சம்பளம் ஏறியது! ஆனால் பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்த தொகையும், மூன்று வாரம் முன்பு பெட்டி அடுக்கச் சேர்ந்த பையன் பெயருக்கு நேரே இருந்த தொகையும் ஒன்று. இரண்டையும் எழுதியவன் நானே.

சம்பளம் ஏறியதற்காக ஒருவன் வயிறெரிவானா? எரிந்தேன். அந்த மிச்சத்தை முதலாளியிடம் போய்ச் சொல்லாததும் அதனால்தான். பெட்டியைத் தலைகீழாக அடுக்கிவிட்டான் என்று அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் கத்தினேன். ஒரே ஒரு பெட்டிதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம், போகிற இடமெல்லாம் குறைந்தபட்ச ஊதிய உயர்வுக்கு எதிராகப் பேசினேன். "அனுபவத்துக்கு மதிப்பே இல்லை", "திறமை இல்லாதவனுக்கு ஏன்", "சின்னத் தொழில்கள் நசிந்துவிடும்" என்று முதலாளி சொல்ல வேண்டிய வசனம் எல்லாம் என் வாயிலிருந்து வந்தது. அவர்கூட அவ்வளவு உருக்கமாகப் பேசியிருக்க மாட்டார்.

பிறகு ஒருநாள் போனில் எதையோ படிக்கப்போய் ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் நான்கு ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்டது. குறைந்தபட்ச ஊதிய உயர்வை அதிகமாக எதிர்ப்பவர்கள் யார் என்று பார்த்திருக்கிறார்கள். பெரிய சம்பளக்காரர்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அந்தக் குறைந்தபட்சத்துக்குச் சற்றே மேலே சம்பளம் வாங்குகிறவர்கள்தான். கடைசி இடத்துக்கு வந்துவிடுவோமோ என்ற பயம். யாரோ எங்கள் கூடத்துக்கு வந்து என்னை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது. அதைப் படித்ததும் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் அந்த விஷயத்தைக் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் மட்டும் நடக்கிற சண்டையாக இருந்தால் அரசியல்வாதிக்குக் கணக்கு சுலபம், தொழிலாளிதான் எண்ணிக்கையில் அதிகம். கோட்டுக்கு ஒரு படி மேலே நிற்கிறவன் எந்தப் பக்கம் என்பதுதான் குழப்பம். 2021 மார்ச்சில் அமெரிக்க செனட்டில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலர் ஆக்கும் திருத்தம் 42க்கு 58 என்று தோற்றதே, உயர்த்த வேண்டும் என்று மேடையில் பேசிய கட்சியின் பக்கத்திலிருந்தே எட்டு வாக்குகள் எதிராக விழுந்தன.

ஆய்வுகளைக் கேட்டால் நீங்கள் இன்னும் குழம்புவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலரை 5.05 ஆக்கியது. பக்கத்திலிருந்த பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். ஏற்றிய இடத்தில் ஆள் குறையவில்லை என்று 1994ல் எழுதினார்கள். பாடப்புத்தகம் சொன்னதற்கு நேர் எதிர். கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்த வேறு இரண்டு பேர் வேலை குறைந்தது என்று மறுத்தார்கள். அந்தச் சண்டை வருடக்கணக்கில் ஓடியது. கார்டுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது, குரூகர் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். சம்பளப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: பதிவேட்டையும் முழுசாக நம்பாதீர்கள். அதை எழுதுவது என்னைப் போன்ற ஒருவன்.

அதே 2021ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதி அலுவலகம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2025க்குள் 15 டாலர் ஆக்கினால் 14 லட்சம் வேலைகள் குறையும், 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மேலே வருவார்கள். இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர் எந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களோடு வாதாடியவரும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குக் கோபம் வருவது எண்ணைப் பற்றி அல்ல, காலத்தைப் பற்றி. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான கூட்டரசு குறைந்தபட்சம் 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆனது, பிறகு அசையவே இல்லை. விலைவாசி ஏற ஏற அதே 7.25 சத்தமில்லாமல் தேய்கிறது. சம்பளத்தை வெட்டுகிறோம் என்று ஒருவரும் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். மாநிலங்கள் தாமாகப் பார்த்து ஏற்றிக்கொண்ட இடங்களில்தான் நிலைமை வேறு. பிரிட்டனில் 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டில் தொடங்கினார்கள். அதற்குமுன் கன்சர்வேடிவ் கட்சி கடுமையாக எதிர்த்தது. ஊதியத்துக்கென்று தனி ஆணையம் வைத்து, முதலாளி தரப்பு, தொழிற்சங்கத் தரப்பு இரண்டையும் உட்காரவைத்து வருடா வருடம் பரிந்துரை வாங்கினார்கள். 2016ல் அதே கன்சர்வேடிவ் அரசுதான் 25 வயது நிரம்பியவர்களுக்கு 7.20 பவுண்டு என்று உயர்த்தி, அதற்கு வாழ்வூதியம் என்று பெயரும் வைத்தது. எதிர்த்தவர்களே பெயர் சூட்டுவிழா நடத்திய கதை இது.

எங்கள் மூன்றாவது உயர்வு அந்த வருடா வருடப் பரிந்துரை மாதிரித்தான் வந்தது. சின்னதாக, இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்து. முதலாளி கதவைச் சாத்தவில்லை. சரக்கு அனுப்பும் விலையில் அதை ஏற்கெனவே சேர்த்துவிட்டார். அரை மணி நேரத்தில் பட்டியலை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். பெரிய தாவலைப் பார்த்துத்தான் கூடம் பயந்தது, உயர்வைப் பார்த்து அல்ல. இது என் ஒரு கூடத்தின் அனுபவம்தான், உலகத்துக்கே விதி என்று நான் சொல்லவில்லை. லாப விகிதம் மிகக் குறைவாக உள்ள தொழிலில் வேறு மாதிரி ஆகலாம். கமெண்டில் வந்து "உங்களுக்கு என்ன தெரியும், எங்கள் கடை மூடிப்போனது" என்று சொல்லப் போகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை. அவர் சொல்வதும் நடந்திருக்கும்.

இன்னொரு விஷயம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சம்பளம் என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. ஊதியம் எவ்வளவு என்று நாடே வாதாடிக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் கூடத்தில் கைரேகை மெஷின் ஒன்றை வாங்கி வாசலில் மாட்டினார்கள். வருடக்கணக்காக அட்டைப்பெட்டி தூக்கியவர்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். மெஷின் அவர்களை ஏற்காது. விரலைத் துடைத்து, ஊதி, சேலையில் தேய்த்து, மறுபடி வைத்து, பின்னால் வரிசை நின்று, கடைசியில் ஏற்கும்போது ஏழு நிமிடம் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். அதிக வருடம் உழைத்தவருக்கு அதிகப் பிடித்தம்! நான் பேனாவால் பக்கத்தில் சரியான நேரத்தை எழுதி வைத்தேன். "மெஷின் சொல்றதுதான் கணக்கு, நீங்க எழுத வேண்டாம்" என்றார்கள். அரசு சட்டம் போட்டு ஏற்றியதை ஒரு சின்னப் பெட்டி திரும்ப எடுத்துக்கொண்டது. இதைப் பற்றி எந்தக் கட்சியும் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த முறை யாராவது உங்களிடம் இதைப் பற்றி வாதாடினால், ஏற்றலாமா வேண்டாமா என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒரே தடவையில் எவ்வளவு, கோட்டுக்கு ஒரு படி மேலே இருக்கிறவர்களுக்கு என்ன என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு என்னை "முதலாளியின் ஆள்" என்று திட்ட வருகிறவர்களுக்கு: மூன்றாவது உயர்வு வந்த அடுத்த வருடம் அந்த வேலையை விட்டுவிட்டேன். சம்பளப் பிரச்சினை இல்லை. மேலே சொன்ன அந்த அக்காவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு அரை நாள் பிடித்தம் போட வேண்டியிருந்தது.