ஜாப் எட்டவில்லையா? காலைப் பாருங்கள்

"மூன்று மாதமாக பாக்சிங் பழகுகிறேன். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) எட்டுவதில்லை, எட்டினாலும் பலமில்லை, போட்டதும் உடம்பு முன்னால் சாய்கிறது. என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். கால் போக வேண்டிய தூரத்துக்குக் கையை மட்டும் அனுப்புகிறீர்கள். அதனால் தோள் இழுபடுகிறது, தலை முன்கால் முட்டியைத் தாண்டிப் போகிறது. கைக்கு டம்பெல் தூக்கி இது சரியாகாது. நீங்கள் வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சௌத்பா, அதாவது இடது கைக்காரர் என்றால் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். இடது கால் முன்னால், டேப்புக்கு இடப்பக்கம். வலது கால் பின்னால், வலப்பக்கம். இடைவெளி தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். முட்டி லேசாக மடங்கட்டும், பின்கால் குதிகால் தரையை விட்டுச் சற்று எழும்பட்டும், தாடை இறங்கட்டும். இப்போது நண்பரிடம் உங்கள் தோளை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தள்ளச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தள்ளும்போது தடுமாறினால் இரண்டு காலும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

நகரும்போது, எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் போக வேண்டும். முன்னால் போக இடது கால், பின்னால் போக வலது கால். அடுத்த கால் அதே அளவு தொடர வேண்டும், குறுக்கே போகக் கூடாது. அரை அடி நகர்ந்தால் போதும். பலருக்குப் பின்கால் சோம்பேறித்தனமாகப் பின்தங்கிவிடும். நான்கைந்து அடி போவதற்குள் கால்கள் அகல விரிந்துவிடும். அப்புறம் அங்கிருந்து ஜாபும் வராது, பின்வாங்கவும் முடியாது. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்தால் உங்களுக்கே தெரியும்.

இனி ஜாப். வலது காலால் தரையை உந்துங்கள், இடது கால் சிறிது முன்னேறட்டும், கையும் காலும் ஒன்றாகச் சேரட்டும். கால் முதலில் ஊன்றிவிட்டால் உடம்பின் எடை தரைக்குப் போய்விடும், குத்தில் மிஞ்சுவது கையின் எடை மட்டுமே. கை போகும் வழியில் தளர்வாக இருந்து, படும் நொடியில்தான் முஷ்டி இறுக வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும், மணிக்கட்டு நேராக இருக்கட்டும், இடது தோள் தாடையை மறைக்கட்டும். முழங்கை வெளியே விரிகிறதா என்று பார்க்க, இடது தோள் சுவரை ஒட்டியிருக்கும்படி நின்று ஜாப் போடுங்கள். முழங்கை சுவரில் இடித்தால், எதிராளிக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறீர்கள் என்று பொருள்.

கை திரும்பி வருவதை யாரும் பழகுவதில்லை, எனக்கு அதில்தான் ரொம்ப வருத்தம். ஜாபுக்குப் பேர்போன அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸ், ஜாப் போட்டதும் இடது கையைக் கீழே இறக்கிவிடுவார். ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங் அதைக் கவனித்துவைத்து, 1936 ஜூனில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் அந்த இடைவெளியில் வலது கையால் குத்திக்கொண்டே இருந்தார். 12வது ரவுண்டில் லூயிஸ் நாக் அவுட். லூயிஸுக்கே அந்த விலை என்றால், பழகத் தொடங்கியவர் கன்னத்துக்கு நேராகக் கையைத் திருப்பிக் கொண்டுவந்தே ஆக வேண்டும். வலது கையும் அதுவரை தாடையை விட்டு நகரக் கூடாது. முகமது அலி கையைத் தொங்கவிட்டு ஆடினாரே என்று கேட்காதீர்கள். அவருடைய உயரமும் கால் வேகமும் அதற்கு ஈடுகொடுத்தன.

பழகும் முறை: பேக்கை (தொங்கவிட்ட குத்துப் பையை) தொடும் முன் கண்ணாடி எதிரே இரண்டு ரவுண்டு, நகர்ந்தபடி ஜாப் மட்டும். வேகம் வேண்டாம். பிறகு பேக்கில் இரண்டு ரவுண்டு. பேக் ஊஞ்சல் மாதிரி ஆடினால் தள்ளுகிறீர்கள். இருந்த இடத்திலேயே அதிர்ந்தால் அடி சரியாக விழுகிறது. ஒவ்வொரு ஜாபுக்குப் பிறகும் அரை அடி இடம் மாறுங்கள், நின்ற இடத்திலேயே நின்று ரசிக்காதீர்கள். ஸ்பாரிங்குக்கு, அதாவது இன்னொருவருடன் மோதிப் பழக, போகும்போது, முதல் ரவுண்டை இருவரும் ஜாப் மட்டும் வைத்து ஆடலாமா என்று கோச்சிடம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். தூரம் கண்ணுக்குப் பிடிபடுவது அங்கேதான்.