டேங்க் கேள்விகள்

ஆங்கிலச் சொற்களின் நேர்ப்பொருள், உருவகப்பொருள் பற்றி வேலூரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ‘டேங்க்’ பற்றியவை.

காட்பாடி: காவேரிப்பாக்கம் ஏரியும் டேங்க், மொட்டைமாடியில் இருப்பதும் டேங்க். எப்படி?

ஏரிதான் மூத்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் பாசன ஏரியையும் கோயில் குளத்தையும் டேங்க் என்றே எழுதினார்கள். வட ஆற்காட்டுப் பழைய வருவாய் ஆவணங்களில் டேங்க் என்று கண்டால் கரை, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல், நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி என்னும் ஆள் எல்லாம் சேர்ந்த ஏரி என்று கொள்ளுங்கள். மொழிபெயர்க்கும் பிள்ளைகளே, தயவுசெய்து ‘தொட்டி’ என்று எழுதாதீர்கள். ‘தொட்டி உடைந்து மூன்று கிராமங்கள் மூழ்கின’ என்ற வரியை நானே திருத்தியிருக்கிறேன்.

கம்மவான்பேட்டை: என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். போர் டேங்குக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம், ஐயா?

ஒரு பொய்தான் சம்பந்தம். 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் அந்த வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். அவ்வளவு பெரிய இரும்புக் கூட்டை எங்கே ஒளிப்பது? மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று கதை கட்டிவிட்டார்கள். பெயர் வைக்க உட்கார்ந்தபோது சிஸ்டர்ன், ரிசர்வாயர் என்றெல்லாம் யோசித்து, ஓரசைச் சொல்லாக இருந்ததால் டேங்கை எடுத்துக்கொண்டார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில், சோம் போர்முனையில் அது முதன்முதலாகக் களம் இறங்கியது. அதன்பின் மறைக்க ஒன்றுமில்லை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. நம் ஆவடியில் செய்வதற்கும் அதே பெயர்தான்.

குடியாத்தம்: பங்குச் சந்தை ‘டேங்க்’ ஆனது என்று செய்தி. போர் டேங்க் போல முன்னேறியதா?

இல்லை அம்மா, கவிழ்ந்தது. அமெரிக்கக் குத்துச்சண்டையில் பணம் வாங்கிக்கொண்டு விழுகிறவனை ‘டேங்கில் குதித்தான்’ என்பார்கள். அங்கே டேங்க் என்பது நீச்சல் குளம். இப்போது படம், பங்கு, எது படுத்தாலும் அந்தச் சொல்தான். ஆனால் ‘ஆள் டேங்க் போல’ என்றால் அசைக்க முடியாதவன். வினையா பெயரா என்று பார்த்துவிட்டுப் பொருள் சொல்லுங்கள்.

ஆரணி: ‘திங்க் டேங்க்’?

முதலில் மண்டைக்கு வைத்த கேலிப்பெயர். ஆய்வு நிறுவனங்களுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ‘சிந்தனைத் தொட்டி’ என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

ஆற்காடு: எங்கள் பக்கம் சிற்றேரியைத் தாங்கல் என்போம். அதுதானே டேங்க் ஆனது?

இல்லை. குஜராத்தி, மராத்திச் சொற்களையும் போர்த்துகீசியச் சொல்லையும்தான் அகராதிகள் காட்டுகின்றன. ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லாதீர்கள்.

அதே ஆற்காட்டார்: தண்ணீரைத் தாங்குவது தாங்கல். பொருளும் பொருந்துகிறதே!

பொருந்தட்டும். ஆங்கிலேயன் வாய்க்கு அது எந்த வழியாகப் போனது என்று காட்டுங்கள். போர்த்துகீசியச் சொல், நீரைத் தடுத்து நிறுத்துதல் என்னும் வினையிலிருந்து வந்தது. அவர்கள் கள்ளிக்கோட்டையில் இறங்கும்போதே அது அவர்களிடம் இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனி முதலில் வந்து இறங்கியதும் சூரத்தில், ஆற்காட்டில் அல்ல.

சோளிங்கர்: மகேந்திரவாடிக் குடைவரைக் கோயில் கல்வெட்டில் ‘மகேந்திர தடாகம்’ வருகிறது. தடாகமும் டேங்கும்?

இது கேள்வி! 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் அது. ஏரிக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டான். குஜராத்திச் சொல்லுக்குத் தடாகத்தை மூலமாகச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் சொல் போனது மேற்குக் கரை வழியாகத்தான். மகேந்திரவாடி மதகு வழியாக அல்ல. ஆற்காட்டார் இதைப் பிடித்துக்கொண்டு மறுபடி வரவேண்டாம்.

வாணியம்பாடி: தாங்கல் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து...

மேலே பாருங்கள்.

திருப்பத்தூர்: தாங்கலுக்கும் டேங்குக்கும்...

இல்லை. இல்லவே இல்லை.

வேலூர்: ‘டேங்க் டாப்’ சட்டை?

மறுபடியும் நீச்சல் குளம்தான். அந்தக் கால நீச்சல் உடைக்கு டேங்க் சூட் என்று பெயர். அதன் மேல்பாதி போல இருப்பது டேங்க் டாப்.

சத்துவாச்சாரி: மாடி டேங்கில் பாசி பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

மூடியைப் போட்டு வெயில் புகாமல் வையுங்கள். மீதியைப் பிளம்பரிடம் கேளுங்கள்.