உமரிக்கீரை பறிக்கிறவைக்கு ரீச்சரின் பதில்கள்

அளம்பில்: களப்பு ஓரத்திலை சின்னச் சின்னப் பத்தையாக் கிடக்கிறது உமரியோ, ரீச்சர்?

இலையைப் பாருங்கோ, தம்பி. உமரி இலை மெல்லிசா உருண்டு, நெல்லுமணியை விடக் கொஞ்சம் நீளமா இருக்கும். தண்டிலை மாறி மாறி நிக்கும். நசிச்சாத் தண்ணி கசியும், நாக்கிலை வைச்சா உப்புக் கரிக்கும். தட்டை இலை சோடி சோடியா, றோஸ் பூவோடை படர்ந்திருந்தா அது வேற பூண்டு. மாரி கழிஞ்சு தை, மாசியிலை நுனியை மட்டும் கிள்ளுங்கோ. கோடையிலை சிவந்து முத்தினதை விட்டிடுங்கோ. ஒடிச்ச கொப்பிலை பால் வந்தா அது தில்லை மரம். கண்ணிலை பட்டாப் பார்வைக்கே ஆபத்து.

முள்ளியவளை: எப்பிடிச் சமைக்கிறது?

கொதிதண்ணியிலை போட்டு வடியுங்கோ. புதுத்தண்ணியிலை இன்னொருக்கா அவிச்சுப் பிழிஞ்செடுத்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூவோடை வறை வறுங்கோ. உப்புப் போடக்கூடாது. கலியாணம் முடிச்ச புதுசிலை நான் கை பழக்கத்திலை ஒரு சிட்டிகை போட்டிட்டன். மாமி ஒரு வாய் வைச்சிட்டு, ஒண்டும் சொல்லாமல் செம்பைத் தேடினா.

பூநகரி: அம்மாவுக்குப் பிரஷர். குடுக்கலாமோ?

வேண்டாம். எத்தினை தரம் வடிச்சாலும் உப்பு மிச்சம் இருக்கும். சிறுநீரக வருத்தக்காரருக்கும் வேண்டாம்.

மாந்தை: நீங்கள் சொல்லுறது உமரியே இல்லை. இலையில்லாமல் கணுக்கணுவா நிக்கிறதுதான் உமரி.

கொக்கிளாய்: மாந்தையார் சொல்லுறது பிழை. எங்கட அம்மம்மா இலை உள்ளதைத்தான் உமரி எண்டவ.

மாந்தை: எங்கட அம்மம்மா மற்றதை!

இரண்டு அம்மம்மாவும் சரி. செடி இரண்டு, பேர் ஒண்டு. கணுக்கணுவா நிக்கிறதும் தின்னுறதுதான். ஆனா முத்தினா நடுவிலை நார் விழும், இளம் நுனி மட்டும் எடுங்கோ. பேரைக் கேட்டுப் பறிக்காதேங்கோ, செடியைப் பார்த்துப் பறியுங்கோ.

விசுவமடு: வறைக்கு உப்பு எவ்வளவு?

மாமியின்ரை செம்பை ஒருக்கா வாசியுங்கோ.

மாத்தளன்: கண்டல் காட்டுப் பக்கம் நிறைய நிக்குது. போகலாமோ?

மிதிவெடிப் பலகை நிக்கிற பக்கம் கால் வைக்காதேங்கோ. கீரை வேறை இடத்திலையும் முளைக்கும். கண்டலுக்கை தில்லை நிக்கும், பாலைப் பற்றி மேலை சொல்லியிருக்கிறன்.

கிளிநொச்சி: படம் அனுப்பியிருக்கிறன். இது உமரியோ?

படத்திலை உங்கட செருப்பு வடிவாத் தெரியுது. ஒரு கொப்பு பிடுங்கிக் கொண்டு வாங்கோ, பிள்ளை.