வரி வரியாய் ஒரு வான்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் லியோனுக்குப் பக்கத்தில் ஒரு சந்தைக்குப் போயிருந்தோம். பழைய சித்ரோயன் எச் வான் ஒன்று அங்கே கோப்பிக் கடையாக நின்றது. வெயில் சாய்கிற நேரம் ஏழெட்டுப் படம் எடுத்தேன். நேரில் அவ்வளவு வடிவாக இருந்தது, படத்தில் வெறும் தட்டைப் பெட்டியாகத் தெரிகிறது. ஒன்றை அனுப்புகிறேன். இது எந்தக் காலத்து வான்? நீங்கள் பாரிசுக்கு வந்த நாட்களில் இவை ஓடினவா?

ஒரு வாசகி, லியோன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வயதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தில் முன்கண்ணாடி ஒரே துண்டு. 1964க்கு முந்தியவற்றில் நடுவில் சட்டம் வைத்து இரண்டாகப் பிரித்திருக்கும். அப்புறம் பின்சில்லுக்கு மேலே தகட்டின் வெட்டைப் பாருங்கள், வட்டமாக வளைந்திருக்கிறது. 1969 கடைசியில் அதைச் சதுரமாக்கிவிட்டார்கள். யாரும் இடையில் அந்தத் தகட்டையோ கண்ணாடியையோ மாற்றியிருக்காவிட்டால், உங்கள் வான் இந்த ஐந்து வருடத்துக்குள் பிறந்தது.

நான் பாரிசுக்கு வந்தது 1985இல். 1947இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய வானை 1981 வரை, 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் செய்து, அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். சந்தைக்காரர்கள் விட்டால்தானே! அந்த முதல் குளிர்காலம் புறநகர்ச் சந்தை ஒன்றில் விடிய ஐந்து மணிக்குப் பெட்டி இறக்கப் போவேன். பக்கத்துச் சீஸ்காரரிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. எச் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை, 'த்யூப்' என்பார். 1939இல் வந்த முந்தைய வானின் பெயர் அது. போரோடு அந்த வான் நின்றுபோனது, பெயர் சனத்தின் வாயில் தங்கி இதற்கு வந்து சேர்ந்தது.

எங்கள் முதலாளியின் லொறியில் தட்டு என் இடுப்புக்கு மேலே. உருளைக்கிழங்குப் பெட்டி ஒவ்வொன்றையும் நெஞ்சில் தாங்கித்தான் இறக்க வேண்டும். சீஸ்காரரின் வானில் தரையிலிருந்து 35 சென்ரிமீற்றர்தான், முழங்காலுக்கும் கீழே. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் முன்னால், இழுப்பதும் முன்சில்லு. பின்னுக்கு ஓடும் தண்டு இல்லாததால் தளத்தை அவ்வளவு பதித்துவிட்டார்கள். பின்பக்கத்தில் மேல்கதவு கூரைபோல உயரும், கீழே இரண்டு அரைக்கதவுகள் பக்கத்துக்கொன்றாய்த் திறக்கும். அவர் ஒரு காலை எடுத்து வைத்து உள்ளே போய், குனியாமல் நின்று சீஸ் அடுக்குவார். மழை பெய்தால் அந்த மேல்கதவின் கீழே எனக்கும் இடம் விடுவார். அந்த வானை நான் விரும்பத் தொடங்கியது அங்கேதான்.

இனி உங்கள் படம். அந்த வரிகள் அழகுக்கு வைத்தவை அல்ல. மெல்லிய தகடு நெளியாமல் நிற்க வரி மடித்தார்கள், ஜெர்மன் யுங்கர்ஸ் விமானங்களில் செய்ததுபோல. பக்கச் சுவரில் அவை கிடையாக ஓடுகின்றன. நீங்கள் எடுத்த நேரம் சாய்ந்த வெயில் சுவரில் நேராக அடித்திருக்கிறது, வரிக்கு நிழலே விழவில்லை. இந்த வானுக்கு உச்சி வெயில் வேண்டும். வெளிச்சம் மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கினால் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் நூல்போல நிழல் விழும். மத்தியானத்தில் படம் எடுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். இதற்கு மட்டும் கேட்காதீர்கள்.

கோப்பிக் கடைகள் இவற்றைப் புதுப்பிப்பதில் எனக்குச் சந்தோசம்தான், தோட்டத்தில் கிடந்து உக்குவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எல்லோரும் அந்த முகத்தைத்தான் எடுக்கிறார்கள். எனக்குப் பின்பக்கம்தான் வான்.

என்னிடம் அந்தக் காலத்துப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பனியில் நான் நிற்கிறேன், பின்னால் அரைவாசி வான், உயர்த்திய கதவுக்குக் கீழே சீஸ்காரரின் ஒரு கை. ஊருக்கு அனுப்பினேன். அம்மா எழுதிய பதில் இன்னும் இருக்கிறது: "பின்னால தெரியிறது தகரக் கொட்டிலோ? அதுக்கையோ தம்பி படுக்கிறனீ?" இல்லையம்மா, அது வான் என்று விளக்கி இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன்.

அடுத்த முறை போனால் கடைக்காரரிடம் கேட்டுப் பின்கதவுகளைத் திறக்கச் சொல்லுங்கள். மத்தியானமாகப் போங்கள். படத்தை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா