கரை பாவிலே, முந்தானை ஊடையிலே

கேள்வி: அக்கா, மருதமுனையில் கைத்தறித் துணி வாங்கி மகளுக்கு நீளப் பாவாடை தைப்பித்தேன். முதல் தடவை கழுவினவுடனே இரண்டு அங்குலம் மேலே ஏறிவிட்டது. சுற்றளவு மட்டும் அப்படியே இருக்கிறது. சுருங்கினால் எல்லாப் பக்கமும் சுருங்க வேண்டாமா? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: சுருங்கினது பாவு, தங்கச்சி. துணியில் பழுது இல்லை. தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல் பாவு, நாடா, அதாவது நூலைச் சுமந்து இரண்டு பக்கமும் ஓடும் கட்டை, குறுக்கே கொண்டுபோகும் நூல் ஊடை. இரண்டும் ஒரே பருத்தியாக இருந்தாலும் தறியில் பட்ட பாடு வேறு வேறு. பாவு தொடக்கத்திலிருந்து கடைசி வரை இழுத்த இழுப்பிலேயே நிற்கும், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் மேலும் கீழும் போய்வரும், ஊடையை நெருக்கி அடிக்கும் சீப்புப் போன்ற அச்சு வந்து அடிக்கும்போதெல்லாம் அதன் பற்களுக்கு இடையில் உரசுப்படும். இத்தனையையும் தாங்க வேண்டும் என்றுதான் முறுக்குக் கூடிய நூலாகப் பார்த்துப் பாவுக்குப் போட்டு, கஞ்சியும் ஏற்றுகிறார்கள். ஊடைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஒரு தடவை குறுக்கே ஓடிவந்து அடி வாங்கினால் அதன் வேலை முடிந்தது. துணியைத் தண்ணீரில் போட்டதும் கஞ்சி கரைகிறது, இழுபட்டுக் கிடந்த பாவு தளர்ந்து ஊடைக்கு மேலும் கீழுமாக இன்னும் கொஞ்சம் வளைந்து உட்காருகிறது, அந்த வளைவுக்குப் போன நூல்தான் உங்கள் இரண்டு அங்குலம்.

இனிமேல் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயப்போட்டு, ஸ்திரி போட்டபிறகு தையலுக்குக் கொடுங்கள். இந்தப் பாவாடைக்குக் கீழே ஒரு பட்டி வைத்தால் சரி.

அப்புறம், துணி மிச்சம்பிடிக்கலாம் என்று சரிவாக வெட்ட யாரையும் விடாதீர்கள். ஒரு தையற்கடையில் என் சட்டையின் பின்துண்டை அப்படி வெட்டிவிட்டார்கள். நாலாவது கழுவலில் பக்கத் தையல் முறுகிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. நல்ல துணி, ஆசையாக வாங்கினது, இன்றைக்கு நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை. முறுகின துணியை எந்த ஸ்திரியாலும் திரும்ப நேராக்க முடியாது.

கேள்வி: கரை வெட்டுப்பட்ட துண்டில் எது பாவு என்று கண்டுபிடிப்பது எப்படி? (வீட்டில் தைப்பவர், அக்கரைப்பற்று)

பதில்: இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், குறைவாக இழுபடுவது அநேகமாகப் பாவு. வெளிச்சத்தில் பிடித்தால் அச்சுப் பற்களின் தடம் மெல்லிய கோடுகளாக நீளவாக்கில் தெரியும், கைத்தறியில் இது நன்றாகவே தெரியும். ஓரத்தில் ஒவ்வோர் இழை உருவிப் பார்த்தால் இரட்டை முறுக்கு நூல் ஒரு பக்கமும் ஒற்றை நூல் மறுபக்கமும் வரலாம், அப்படி வந்தால் இரட்டை நூல் உள்ள பக்கத்தைப் பாவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு எடுத்த கைத்தறிச் சீலையில் கரையின் சிவப்பு அடர்த்தியாக இருக்கிறது, அதே சிவப்பு முந்தானையில் மங்கித் தெரிகிறது. சாயம் ஏமாற்றா? (வாசகி, கல்முனை)

பதில்: சாயத்தில் ஏமாற்று இருந்தால் ஈரக் கைக்குட்டையால் தேய்க்கும்போதே தெரிந்துவிடும். இது நெசவின் கணக்கு. சீலையின் நீளம்தான் பாவின் நீளம், அதனால் சீலை முழுக்க ஓடும் கரையை அந்த இடத்துப் பாவு நூலுக்கு நிறம் கொடுத்துத்தான் உண்டாக்குகிறார்கள். முந்தானை வரும்போது பாவை மாற்ற முடியாது, தறியில் ஏற்கெனவே கட்டியாயிற்று, அதனால் நாடாவில் ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றுகிறார்கள். உங்கள் சீலையின் உடல் மஞ்சள் என்றால் முந்தானையில் மஞ்சள் பாவும் சிவப்பு ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரும், கண் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். கரையில் பாவை நெருக்கிப் போட்டால் ஊடை அநேகமாக மறைந்துவிடுகிறது, அதனால் அங்கே நிறம் சுத்தமாக நிற்கிறது. காஞ்சிபுரத்தில் முந்தானை தொடங்கும் இடத்தில் வேறு நிறப் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய பாவோடு பிணைத்து நெய்வது உண்டு, அந்தப் பட்டின் விலைக்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

மயில்கழுத்து நிறமும் இப்படித்தான் பிறக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பட்டு இழை பளபளப்பானது, மடிப்பு அசையும்போது ஒரு தரம் நீலம் வெளிச்சத்தைப் பிடிக்கும், ஒரு தரம் பச்சை. ஜீன்ஸ் துணியிலும் பாவு நீலம், ஊடை வெள்ளை. அதில் பாவு இரண்டு மூன்று ஊடைக்கு மேலால் தாண்டிப் போவதால் வெளியே நீலம், உள்ளே வெள்ளை.

கேள்வி: கைத்தறிச் சாரனில் கட்டங்கள் ஒரே அளவாக இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், காத்தான்குடி)

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. பாவில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதை அச்சு முடிவு செய்கிறது, அது மாறாது. ஊடையில் எத்தனை இழை என்பது நெய்கிறவரின் கையில் இருக்கிறது. இழைகளை எண்ணித்தான் நிறம் மாற்றுகிறார், ஆனால் காலையில் ஓங்கி அடித்த கட்டம் நெருங்கிக் குட்டையாகவும், பின்னேரம் கை ஓய்ந்து அடித்தது கொஞ்சம் நீளமாகவும் வரும். பத்துக் கட்டத்தை அகலவாக்கில் அளந்தால் எங்கேயும் ஒரே அளவு, நீளவாக்கில் அளந்தால் நூலளவு கூடும் குறையும். அது குறையே இல்லை. நீளமான கட்டத்தில் இரண்டு பெருவிரலையும் வைத்து எதிரெதிராகத் தள்ளிப் பாருங்கள், இழை விலகி இடைவெளி விழுந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள், அந்த இடத்தில் தையல் நிற்காது.