கே மைனஸ் பிபி: பிணைப்பாற்றல் 48-ஆ, 20-ஆ?

கே மைனஸ் பிபி, அதாவது ஒரு எதிர்கேயானும் (கே மைனஸ் துகள்) இரண்டு புரோட்டான்களும் பிணைந்த நிலை. அதன் பிணைப்பாற்றலுக்கு உங்கள் நிரல் இரண்டு விசைகளில் இரண்டு விடை தருகிறதே, நிரலில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இருக்க வாய்ப்பு குறைவு. எதிர்கேயானுக்கும் புரோட்டானுக்கும் இடையே யமசாகி, அகைஷி இருவரும் அமைத்த விசையைப் போட்டால் 48 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்), கைரல் விசையை (கைரல் சமச்சீர்மையிலிருந்து வருவிப்பது) போட்டால் சுமார் 20 என்று நீங்கள் எழுதிய இரண்டுமே வெளிவந்த கணக்குகளோடு ஒத்துப்போகின்றன.

காரணம் பெரும்பாலும் லாம்டா(1405)தான், அதாவது எதிர்கேயானும் புரோட்டானும் பிணைந்ததாகக் கருதப்படும் நிலை. முதல் விசை அதை எதிர்கேயானும் புரோட்டானும் தனித்தனியே இருக்கும் ஆற்றலுக்கு 27 எம்இவி கீழே வைக்கிறது; கைரலில் எதிர்கேயானோடு வலுவாக இணையும் துருவம் (அந்த நிலையின் ஆற்றலைக் காட்டும் புள்ளி) 1420 எம்இவிக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு எம்இவிதான் கீழே. இருவுடலில் ஈர்ப்பு குறைந்தால் மூவுடலிலும் குறையத்தானே செய்யும்.

ஒரு புரோட்டானை எடுத்துவிட்டு, லாம்டா(1405) இருக்கும் ஐசோஸ்பின் 0 இருவுடலை மட்டும் அதே நிரலில் ஓட்டுங்கள், துருவம் அந்தந்த இடத்தில் வருகிறதா பாருங்கள். அப்புறம், கைரல் விசை ஆற்றலைப் பொறுத்து மாறும். கிடைத்த பிணைப்பாற்றலைத் திரும்பக் கொடுத்து, விடை நிலைக்கும்வரை சுற்றுங்கள்.

ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கியில் நடந்த இ15 சோதனை கண்ட 40-சொச்சம் எம்இவியை வைத்து உடனே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். அங்கே தெரிந்த சிகரத்தின் அகலமே 100 எம்இவி அளவு.